பனியிலும் ஈரத்திலும் கால் காக்கும் பூட்ஸ்

நீர் புகாத, குளிர் தாங்கும் பூட்ஸ் குளிர்நாட்டு வேட்டைக்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் சிப்பாய்களுக்குமாக வளர்ந்த பொருள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் வந்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லாமல் செய்துவிட்டன. பூட்ஸின் தேவை மட்டும், வடக்கே போகும் நம்மூர் லாரிக்காரர்களுக்கும் ரிக் ஆட்களுக்கும், நீடிக்கிறது. பரமத்தி வேலூர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44, ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது. நாமக்கல், சங்ககிரி லாரிகள் இந்தச் சாலையின் வடமுனை வரை ஓடுகின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்ட நாட்டின் எல்லா மூலைக்கும் போகின்றன. காவிரிக் கரையில் வாழைத் தோப்புக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் நடுவே வளர்ந்தவர் டிசம்பர் மாதத்தில் காஷ்மீரின் காசிகுண்டில் பனியின் மேல் இறங்கி நிற்க வேண்டியிருக்கிறது.

பரமத்தி வேலூர்ப் பக்கம் மார்கழி விடியலுக்கும் ரப்பர் செருப்பே போதும். வெறுங்காலோடு கிளட்ச் மிதித்துப் பழகிய ஓட்டுநர்கள் ஏராளம். காஷ்மீரிலோ டிசம்பர் 21 தொடங்கி ஜனவரி இறுதி வரையான நாற்பது நாட்கள் 'சில்லை கலான்' எனப்படும் கடுங்குளிர்க் காலம். அப்போது இரவில் பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி இறங்குவது வழக்கமான செய்தி. அங்கே போகும் வழியில் ராம்பனுக்கும் பனிஹாலுக்கும் இடையில் மண்சரிவோ பனிப்பொழிவோ சாலையை அடைத்துவிட்டால் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும். டயர் பார்க்கவும், தார்ப்பாயை இழுத்துக் கட்டவும், சோறாக்க அடுப்பு மூட்டவும் இறங்கித்தான் ஆக வேண்டும். பஞ்சாப், ஹரியானா சமவெளியில் வெண்பனி பெய்யாவிட்டாலும் மூடுபனியும் நான்கைந்து டிகிரிக் குளிரும் உண்டு. ஈரக்காலைக் கெடுக்க அதுவே தாராளம்.

கால் கெடுவதற்கு உறைகுளிர் வேண்டும் என்பதில்லை. முதல் உலகப் போரில் பிரான்ஸ், பெல்ஜியம் பதுங்குகுழிகளில் நாள்கணக்கில் சேற்றுநீரில் நின்ற சிப்பாய்களின் பாதம் மரத்து, வீங்கி, தோல் அழுகியது. பதுங்குகுழிப் பாதம் என்று மருத்துவ நூல்கள் சொல்லும் இந்த நோய்க்கு, பூஜ்யத்துக்கு மேலே பத்து, பதினைந்து டிகிரி வரையான குளிரும் இடைவிடாத ஈரமும் இருந்தால் போதும். நாற்று நடும் நம்மூர்க் கால்களில் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண் வேறு. அது பெரும்பாலும் பூஞ்சையால் வருவது. பதுங்குகுழிப் பாதத்தில் சேதமடைவது நரம்பும் இரத்தக் குழாயும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் அடுத்த ஆபத்து பனிக்கடி. அதில் திசுவே உறைகிறது. குளிரில் விரலை இழப்பவர்கள் பெரும்பாலும் இதனால் இழக்கிறார்கள்.

உடலின் கணக்கு எளிமையானது. குளிர் தாக்கும்போது நெஞ்சையும் வயிற்றையும் காப்பதற்காகக் கை கால்களுக்குப் போகும் இரத்தத்தை உடல் குறைத்துக்கொள்கிறது. பாதத்தில் வெப்பத்தை உண்டாக்கும் பெரிய தசைகளும் இல்லை. ஆகவே மேலே இருந்து இரத்தம் கொண்டுவரும் வெப்பம் எவ்வளவு, அதில் வெளியே கசிவது எவ்வளவு என்பதைப் பொறுத்தே கால் சூடாக இருக்கும். பூட்ஸ் எந்த வெப்பத்தையும் தருவதில்லை. கசிவைக் குறைப்பதோடு அதன் வேலை முடிகிறது. தலையும் உடம்பும் நன்றாகப் போர்த்தியிருந்தால்தான் காலுக்கு வெப்பம் வந்து சேரும். குல்லா போடாமல் விலை உயர்ந்த பூட்ஸ் வாங்குவதில் பயனில்லை.

வெப்பம் கசியும் வழிகளில் மோசமானது ஈரம். அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. தண்ணீர் அதைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்தும். கம்பளி, பஞ்சு, செயற்கை இழை எதுவானாலும் அது சூடு காப்பது இழைகளுக்கு இடையில் பிடித்துவைத்த காற்றால்தான். அந்த இடத்தில் நீர் புகுந்துவிட்டால் எவ்வளவு தடித்த லைனிங்கும் வீண். நீர் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்த இடங்களில் உள்ளங்காலும் ஒன்று. மூடிய பூட்ஸுக்குள் நாள் முழுதும் சேரும் வியர்வை காலுறையை நனைக்கத் தாராளமாகப் போதும். கடைக்காரர் வெளி நீரைப் பற்றித்தான் பேசுவார். வாங்குபவர் உள் நீரையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இங்கேதான் வேட்டைக்காரர்களின் அனுபவம் உதவுகிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த லியோன் லியோன்வுட் பீன், வேட்டைக்குப் போய் நனைந்த காலோடு திரும்பிச் சலித்துப்போனவர். முழுத் தோல் பூட்ஸ் நனைந்து கனத்தது. முழு ரப்பர் பூட்ஸில் தண்ணீர் புகவில்லை, ஆனால் நெடுந்தூரம் நடக்க முடியவில்லை. பாதத்துக்கு ரப்பர், கணுக்காலுக்கு மேலே மென்தோல் என்று இரண்டையும் சேர்த்துத் தைத்து 1912இல் விற்கத் தொடங்கினார். முதலில் அனுப்பிய 100 ஜோடிகளில் 90 திரும்பி வந்தன. ரப்பரும் தோலும் சேரும் தையலில் பிய்ந்துவிட்டன. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கடன் வாங்கி, ரப்பரை மேம்படுத்தி மறுபடி செய்தார் என்பது அந்த நிறுவனமே பெருமையாகச் சொல்லும் வரலாறு. நூறாண்டு கடந்த பின்பும், புது பூட்ஸை வாங்குபவர் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டிய இடம் இரண்டு பொருள்கள் சேரும் அந்தத் தையல்தான்.

குளிர்நாட்டு வேட்டையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மரத்தின் மேலோ மறைவிடத்திலோ மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். மற்றதில் தடம் பார்த்து மலையேறி நடப்பார்கள். இருவருக்கும் ஒரே பூட்ஸ் ஒத்துவராது. உட்கார்ந்திருப்பவருக்குத் தடித்த லைனிங் வேண்டும். அதே பூட்ஸோடு நடப்பவருக்கு அரை மணியில் வியர்த்து, நின்றவுடன் அந்த வியர்வையே காலைக் குளிரவைத்துவிடும். வெளியில் எத்தனை டிகிரி என்பதைவிட, போட்டுக்கொள்பவர் எவ்வளவு அசைகிறார் என்பதுதான் முதல் கேள்வி. சாலை அடைப்பில் லாரிக்குப் பக்கத்தில் நிற்பவர் முதல் வகை. ராடு மாற்றி, பைப் இறக்கி ஓயாமல் வேலை செய்யும் ரிக் ஆள் இரண்டாம் வகை. ஆனால் ரிக் ஆளுக்கு ஈரம் பல மடங்கு அதிகம். கம்ப்ரசர் காற்றின் அழுத்தத்தில் துளையிலிருந்து சேறும் தண்ணீரும் பீய்ச்சி அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் முழங்கால் வரை நனைகிறார்.

லைனிங்கின் அளவைப் பெட்டியில் கிராமில் போட்டிருப்பார்கள். 200, 400, 800, 1000 என்று வரும் அந்த எண் பூட்ஸின் எடையைக் குறிப்பதில்லை. ஒரு சதுர மீட்டர் லைனிங்கில் எத்தனை கிராம் இழை இருக்கிறது என்பதே அது. தின்சுலேட் முதலான நுண்ணிழை லைனிங்குகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தும். நடந்துகொண்டோ வேலை செய்துகொண்டோ இருப்பவருக்கு 200 முதல் 400 வரை, நின்றும் உட்கார்ந்தும் இருப்பவருக்கு 800க்கு மேல் என்பது பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு. ஒரே எண் போட்ட இரு கம்பெனிப் பூட்ஸ் ஒரே மாதிரி சூடாக இருக்கும் என்று நம்புவதற்கில்லை. அட்டையில் அச்சிட்டிருக்கும் 'மைனஸ் 40 டிகிரி' இன்னும் நம்பத்தகாதது. அந்த எண்ணை எப்படி அளப்பது என்பதற்கு எல்லாரும் ஏற்ற ஒரே முறை கிடையாது. நம்பத் தகுந்த சோதனை ஒன்று தொழிற்சாலைப் பாதுகாப்புக் காலணிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 20345 தரத்தில் இருக்கிறது. மைனஸ் 17 டிகிரிச் சூழலில் அரை மணி நேரம் வைத்தால் உள்ளே வெப்பம் 10 டிகிரிக்கு மேல் குறையக் கூடாது. தேறிய பூட்ஸில் 'சி.ஐ.' என்ற குறி இருக்கும். இந்தியாவில் பாதுகாப்புக் காலணிக்கான தரம் ஐ.எஸ். 15298. ரிக் வேலைக்கு வாங்குபவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இந்த எண்ணையும் தேடுவது நல்லது.

கடையில் கிடைப்பவற்றில் மலிவானது முழங்கால் உயர கம்பூட்ஸ். கோழிப்பண்ணையிலும் கரும்புக் காட்டிலும் பழகிய அதே பொருள். வார்த்துச் செய்ததால் தையல் கிடையாது, வெளியிலிருந்து ஒரு சொட்டும் புகாது. ஆனால் வியர்வையும் வெளியே போகாது. பொருளைப் பார்த்து வாங்க வேண்டும்: சாதாரண பி.வி.சி. கடுங்குளிரில் விறைத்து, மடியும் இடத்தில் வெடிக்கும். இயற்கை ரப்பர் குளிரில் வளைந்து கொடுக்கும், ஆனால் டீசலும் ஆயிலும் பட்டால் ஊதி இளகிவிடும். எஞ்சின் பக்கமே வாழ்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. எண்ணெயையும் குளிரையும் சேர்த்துத் தாங்குவது நைட்ரைல் கலந்த ரப்பரும், நுரையாக வார்த்த பாலியூரித்தேனும். பாலியூரித்தேன் நுரைக்குள்ளேயே காற்றுக் குமிழிகள் இருப்பதால் அந்த பூட்ஸ் எடை குறைவு, லைனிங் இல்லாமலே ஓரளவு சூடும் காக்கும். விலைதான் கூடுதல். முழங்கால் பகுதிக்கு நியோப்ரீன் வைத்துத் தைத்தவையும் உண்டு. முக்குளிப்பவர்கள் அணியும் உடையின் அதே பொருள். காலோடு ஒட்டி வளைந்து கொடுக்கும், ஆனால் நீண்ட நேரம் போட்டால் வியர்க்கும்.

பீன் செய்த வகைக்கு ஒரு முக்கியமான வளர்ச்சி பின்னால் வந்தது. உள்ளே தடித்த கம்பளி நமுதாவாலான (இழையை நெய்யாமல் அழுத்திச் செய்த துணி) தனி உறையை வைத்தார்கள். இரவில் அந்த உறையை உருவிக் காயவைக்கலாம். இரண்டாவது ஜோடி உறை இருந்தால் மறுநாள் காய்ந்ததை மாற்றிக்கொள்ளலாம். சாலை அடைப்பில் மூன்று நாள் நிற்க நேரும் லாரிக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறில்லை. ஒட்டித் தைத்த லைனிங்கோ ஒரு முறை நனைந்தால் குளிர் நாட்டில் ஓர் இரவில் காயாது.

தோலும் நுண்துளைச் சவ்வும் சேர்ந்த நடைபூட்ஸ்தான் விளம்பரத்தில் அதிகம் தெரிவது. கோர்டெக்ஸ் போன்ற சவ்வின் துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவு சிறியவை, நீராவி தப்பிக்கப் போதுமான அளவு பெரியவை. கொள்கை சரிதான். நீராவி வெளியேற வேண்டுமானால் உள்ளே ஈரவெப்பம் வெளியைவிட அதிகமாக இருக்க வேண்டும், வெளித்தோல் நனைந்தோ சேறு அப்பியோ இருக்கக் கூடாது. ரிக் வேலையில் இரண்டாம் நிபந்தனை பத்து நிமிடம்கூட நிலைக்காது. உறைகுளிரில் ஆவி வெளியேறும் வழியிலேயே குளிர்ந்து நீராகிவிடுவதும் உண்டு. மடியும் இடத்தில் சவ்வு நாளடைவில் விரிசல் விடும். நன்றாக நடப்பவருக்கும் உலர்ந்த பனிக்கும் இது சிறந்த பூட்ஸ். சேற்றில் நிற்பவர் இதற்குக் கொடுக்கும் பணம் வீண். வாட்டர் புரூஃப் என்பதும் வாட்டர் ரெசிஸ்டன்ட் என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது தூறலைத் தாங்கும், அவ்வளவுதான்.

சவ்வுக்கு நேர் எதிரான வழி கொரியப் போரில் பிறந்தது. 1950ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அமெரிக்கப் படையினரிடம் இருந்தது ரப்பரும் தோலும் சேர்ந்த வகை. அதைப் போட்டு மலையேறியபோது கால் வியர்த்தது; நின்றபோது அந்த வியர்வையே உறைந்தது; ஆயிரக்கணக்கானோருக்குப் பனிக்கடி. அதன் பிறகு, காப்பிழையை இரண்டு ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே முழுவதுமாக அடைத்துவிட்டார்கள். கால் வியர்க்கும், காலுறை நனையும். ஆனால் காப்பிழைக்கு நீர் எட்டாது. அந்த பூட்ஸ் நம் கடைகளில் கிடைக்காது. தத்துவத்தை மட்டும் காசில்லாமல் கடன் வாங்கலாம்: மெல்லிய காலுறை, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கவர், அதன்மேல் தடித்த கம்பளிக் காலுறை. வியர்வை கவருக்குள்ளேயே நின்றுவிடும், கம்பளி காய்ந்திருக்கும். சில மணி நேரத்துக்கு மட்டுமே இது ஏற்றது. படுக்கும்போது கழற்றிக் காலைத் துடைத்துக் காயவிடாவிட்டால் வியர்வையில் ஊறிய தோலே புண்ணாகும்.

குளிர்பூட்ஸ் இறுக்கமாக இருப்பதைப் போலக் கெட்டது எதுவுமில்லை. இறுக்கம் காற்றிடத்தை நசுக்குகிறது, இரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது. சூடு வேண்டும் என்று மூன்று காலுறை திணித்துப் போடுகிறவருக்குக் கால் இன்னும் சில்லிட்டுப் போவது இதனால்தான். போடப்போகும் கம்பளிக் காலுறையோடு, கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். விரல்கள் தாராளமாக அசைய வேண்டும், குதிகால் மட்டும் தூக்கக் கூடாது. பெரும்பாலும் வழக்கமான அளவைவிட ஒரு எண் கூடுதலாகத் தேவைப்படும். நம்மவர்களுக்கு நீளத்தைவிட அகலமே பிரச்சினை. சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கால்களை அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட இந்தியப் பாதம் பொதுவாக அகலம் என்று தெரிந்தது. 'பா' என்ற புதிய அளவுமுறையும் அதிலிருந்து உருவானது. வெளிநாட்டு அச்சில் வார்த்த பூட்ஸில் நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் பக்கம் அழுத்தினால் அடுத்த எண்ணுக்குப் போவதைவிட அகல அச்சுள்ள வேறு மாடலைத் தேடுவது மேல். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகள் ஐரோப்பியக் காலுக்கான காலணிகளை ஏற்றுமதி செய்துகொண்டிருக்க, நம்மூர்க் காலுக்கு அளவான குளிர்பூட்ஸ் கிடைப்பது அரிதாக இருப்பது வேடிக்கைதான்.

வெப்பம் அதிகம் போவது உறைந்த தரையோடு ஒட்டியிருக்கும் அடிப்பக்கம் வழியாக. தடித்த சோல், அதன் மேலே கம்பளி அல்லது நமுதாவாலான, எடுத்துக் காயவைக்கக்கூடிய உள்சோல் இரண்டும் தேவை. பள்ளமும் மேடுமாகப் பல் வைத்த சோல் சேற்றில் பிடிக்கும்; வழுக்கும் பனிக்கட்டியில் பல்லைவிட ரப்பரின் மென்மையே பிடிப்பைத் தரும். நகத்தால் அழுத்தினால் சற்றும் பதியாத பிளாஸ்டிக் சோல் பனிக்கட்டியில் கண்ணாடி மேல் நடப்பது போலத்தான். ராடு விழும் அபாயம் இருப்பதால் ரிக் ஆளுக்கு விரல்கவசம் கட்டாயம். இரும்புக் கவசம் விரலின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கம்போசிட் கவசம் அப்படிச் செய்யாது. ஓட்டுநருக்கு வேறொரு எச்சரிக்கை: அகலமான பனிபூட்ஸோடு ஓட்டினால் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் சேர்ந்து மிதிபடலாம். ஓட்டும்போது சாதாரண ஷூ, இறங்கும்போது பூட்ஸ் என்று மாற்றிக்கொள்வதே சரி. அதனால் கேபினிலேயே எளிதாக நுழைத்துக் கழற்றக்கூடிய வகை அவருக்கு ஏற்றது. கயிறு கட்டும் பூட்ஸை மரத்துப்போன விரல்களால் அவிழ்ப்பது பெரும்பாடு.

பருத்திக் காலுறை குளிருக்கு உதவாது. நீரை உறிஞ்சிக்கொண்டு தோலோடு ஒட்டிக் கிடக்கும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிய பின்னும் ஓரளவு சூடு காக்கும். பூட்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை மூன்று ஜோடி கம்பளிக் காலுறைக்கு எடுத்துவைத்து, நடுப்பகலில் ஒரு முறை மாற்றுபவர், விலை உயர்ந்த பூட்ஸை ஒற்றைப் பருத்திக் காலுறையோடு போடுபவரைவிடச் சூடாக இருப்பார்.

பனிக்கடி தாக்கும்போது விரல் முதலில் வலிக்கும், பிறகு மரக்கும், வெளிறும். வலி நின்றுவிட்டதே என்று நிம்மதி அடைவதுதான் ஆபத்து. மரத்துப்போன காலை அடுப்பிலோ காஷ்மீரில் குளிர்காயும் காங்கிரித் தணல் சட்டியிலோ காட்டக் கூடாது. சுடுவது தெரியாமலே வெந்துவிடும். தேய்க்கவும் கூடாது. உடல் சூடளவில் உள்ள வெதுவெதுப்பான நீரில் வைத்து, மருத்துவரிடம் போக வேண்டும். மறுபடி உறைய வாய்ப்பு இருக்குமானால் நீரில் வைப்பதையும் தள்ளிப்போடுவது நல்லது. சர்க்கரை நோயால் ஏற்கெனவே உணர்ச்சி குறைந்த கால் உள்ளவர்கள் வலியை நம்பாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கழற்றிக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நனைந்த பூட்ஸை சைலன்ஸர் பக்கத்தில் வைத்துக் காயவைப்பது லாரிக்காரர்களுக்குத் தோன்றும் முதல் யோசனை. தோல் வெடிக்கும், ஒட்டுப்பசை விடும். செய்தித்தாளைத் திணித்து, ஈரமானதும் மாற்றி, காற்றோட்டத்தில் வைத்தால் மெதுவாகக் காயும். ஊர் திரும்பியதும் வேறு சிக்கல் தொடங்குகிறது. பாலியூரித்தேன் சோல் வெப்பத்திலும் காற்றின் ஈரத்திலும் தானாகவே சிதைகிற பொருள். பயன்படுத்தாமல் பெட்டிக்குள் இருந்தாலும் சில ஆண்டுகளில் உதிரும். வெயில் காலத்தில் தகரக் கொட்டகையிலோ லாரிக் கேபினிலோ வைத்தால் இன்னும் சீக்கிரம். மூடிய பிளாஸ்டிக் பையில் வைக்காமல், வீட்டுக்குள் நிழலான, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். அடுத்த குளிர்காலத்துக்குக் கிளம்பும் முன் சோலைக் கையால் வளைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கலாம். பிறகு காலில் போட்டு, கணுக்கால் மூழ்க ஒரு வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் நின்று பார்த்தால், ஒழுகும் தையல் பனிஹாலில் தெரியவருவதற்குப் பதில் வேலூரிலேயே தெரிந்துவிடும்.